புரட்டாசியில் ஒரு தம்ளர் சூப்

உளுந்து பொங்க இன்னும் நேரம் இருந்தது. கிரைண்டரின் கல் தன்பாட்டுக்கு உருண்டுகொண்டிருந்தது, மாவு கல்லின் மேல் ஏறிச் சரிந்து மறுபடி ஏறியது, ஒரு கை தண்ணீர் தெளித்தால் நன்றாக வரும், ஆனால் தெளிக்க வேண்டிய கை ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றது. பார்த்தாகிவிட்டது, ஒருதரம் இல்லை, பலதரம், இன்னொருதரம் பார்ப்பதால் என்ன வந்துவிடப் போகிறது என்று மலர்க்கொடி தன்னையே கேட்டுக்கொண்டாள், கேட்டுக்கொண்டே பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்திருந்த ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் அது, முழுக்க இங்கிலீஷ், எழுத்துக் கூட்டினால் படிக்கலாம், பத்தாவது வரை போனவள்தான். கிரியாட்டினின் என்று ஒரு வரி. எதிரே ஒன்று புள்ளி நாலு. அதற்கு அந்தப் பக்கம், இருக்க வேண்டியது புள்ளி ஆறிலிருந்து ஒன்று புள்ளி ஒன்று வரை என்று போட்டிருந்தது. நடுவில் தடித்த கறுப்பில் ஒரு ஹெச். போன மாதம் எடுத்தபோது புள்ளி எட்டுதான், ஹெச்சும் கிடையாது, ஒரு கறுப்பும் கிடையாது, ‘சூப்பர் கிட்னிக்கா உங்களுக்கு’ என்று ஜெனிபர் சிஸ்டர் சிரித்தது கூட நினைவிருக்கிறது. இது கடைசி டெஸ்ட், சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு, இது முடிந்தால் தேதி குறித்துவிடுவோம் என்றார்கள். தம்பி பால்பாண்டிக்கு இரண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது, இவளுடைய இடது கிட்னியை எடுத்து அவனுக்கு வைக்கப் போகிறார்கள், ஐப்பசியில் ஆபரேஷன், தெருவுக்கே தெரியும். இப்போது இந்த ஹெச். ஹெச் என்றால் ஹை, கூடுதல் என்று அர்த்தம், அது கூடத் தெரியாதவள் இல்லை. சரி, கூடியது கூடட்டும், அதுவல்ல அவளைப் போட்டு அறுத்துக்கொண்டிருப்பது. அந்த எழுத்தைப் பார்த்த முதல் நொடியில் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. ‘அப்பாடா’ என்று. யாரும் கேட்கவில்லை, கிரைண்டர் சத்தத்தில் அவளுக்கே பாதிதான் கேட்டது. ஆனால் வந்தது.

இடுப்பு வலிக்கு வந்திருக்கும். காலையிலிருந்து அரிசி களைந்து, உளுந்து களைந்து, மாவு பாக்கெட் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி, நின்ற காலோடு நிற்கிறாள், நடுவில் ஒரு அப்பாடா வரத்தான் செய்யும். உட்காரும்போது வர வேண்டிய சொல் நிற்கும்போது எப்படி வந்தது என்று உள்ளேயிருந்து ஒன்று கேட்டது, அவள் உளுந்துக்குத் தண்ணீர் தெளித்தாள். அந்தக் கேள்வியை விட்டு வேறு பக்கம் போகலாம் என்று போனால் அங்கே அதைவிடப் பெரிய பயம் உட்கார்ந்திருந்தது. அப்படியென்றால் எனக்கும் கிட்னி கெட்டுக்கொண்டு வருகிறதா. கொடுக்க முடியுமா முடியாதா என்பது கிடக்கட்டும், முதலில் எனக்கு இருக்கிறதா. பால்பாண்டிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கம்பெனியில் சும்மா எடுத்த டெஸ்ட்டில் ஒன்றரை என்று வந்தது, உப்பைக் குறைங்க என்றார்கள், அவனும் ஊறுகாயை விட்டான், அப்பளத்தை விடவில்லை, அடுத்த தரம் பார்க்கும்போது மூன்று, அப்புறம் ஆறு, முகம் வீங்கி, செருப்பு காலில் ஏறாமல், மூச்சு வாங்கிக்கொண்டு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போன அன்றைக்கு ஒன்பதைத் தாண்டிவிட்டது. ஒன்றரைக்கும் ஒன்று புள்ளி நாலுக்கும் என்ன பெரிய தூரம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள், அவனுக்கு வந்தது இவளுக்கு வராமல் போகுமா. ஃபோனிடமும் கேட்டுப் பார்த்தாள், கையெல்லாம் மாவாக இருந்ததால் வாயாலேயே, ‘கிரியாட்டினின் கூடினால் என்ன ஆகும்’ என்று, அது கொஞ்சமும் ஈவிரக்கமில்லாமல் கொட்டியது, காலில் நீர் கோக்கும், சிறுநீர் நுரைக்கும், உடம்பு அரிக்கும், களைப்பு வரும். உடனே அரித்தது. முழங்கைக்குக் கீழே நிஜமாகவே அரித்தது. களைப்பு எப்போதுதான் இல்லை, அதை எதில் சேர்ப்பது. குனிந்து கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள், குழி விழுந்த மாதிரியும் இருந்தது, விழாத மாதிரியும் இருந்தது, காலில் மாவு ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அழுத்திய விரலுக்குத் தம்பியின் கை ஞாபகம் வந்தது. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்கென்று இடது கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், முழங்கை மடிப்பில் புடைத்துக்கொண்டு நிற்கும், ‘தொட்டுப் பாருக்கா, உள்ள மோட்டார் ஓடுது’ என்று சிரித்துக்கொண்டே நீட்டினான். தொட்டாள். நிஜமாகவே ஓடியது. தோலுக்கு அடியில் கிர்ரென்று ஒரு அதிர்வு, அது விரல் வழியாக ஏறிப் பல் வரைக்கும் வந்தது. கிரைண்டரின் உடம்பில் கை படும்போதெல்லாம் இப்போது அந்தக் கைதான், அதனால் கிரைண்டரைத் தொடாமலே வேலை பார்க்கப் பழகியிருந்தாள். தண்ணீர் வேறு அவனுக்கு அளவுதான், ஒரு சின்னப் பாட்டில், மாத்திரை போடுவதும் அதிலேயே, மோரும் அதில் கழியும், ரசமும் அதில் கழியும். தாகம் தாங்காவிட்டால் ஒரு ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொள்வான், கரையும் வரை பேச மாட்டான், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அதுவும் மதுரை வெயிலில். அவன் வந்திருக்கும்போது இவள் வீட்டில் யாரும் அவன் எதிரே தண்ணீர் குடிப்பதில்லை, குடிப்பதென்றால் அடுப்படிக் கதவு மறைவில் நின்று, திருடுகிற மாதிரி. அந்தப் பாட்டில் இப்போது தன் கையில் இருப்பதை அவள் பார்த்தாள். தன் கை புடைத்து, தன் முகம் ஊதி, தெருவில் போகிற தண்ணீர் லாரியை வெறித்துப் பார்த்துக்கொண்டு தான் நிற்பதைப் பார்த்தாள். எனக்கு யார் கொடுப்பார்கள். கணவர் குருசாமியா, அந்த மனுஷனுக்கே சர்க்கரை. மகள் நிவேதாவா, ஐயோ, அந்தப் பிள்ளை உடம்பைக் கிழித்தா, அதைவிடச் செத்துப்போகலாம். இப்படியெல்லாம் நினைத்து முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, அவனுக்கும் இதேதானே, என்னை விட்டால் அவனுக்கு யார். அவன் பெண்டாட்டி சுகந்தியின் ரத்தம் சேரவில்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இறந்தவர்கள் கிட்னிக்குப் பதிந்து வைத்துவிட்டுக் காத்திருக்கலாம்தான், அப்படிக் காத்திருந்தவர் டயாலிசிஸில் அவனுக்குப் பக்கத்துக் கட்டில்காரர், ஒரு நாள் அந்தக் கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தார், எங்கே என்று கேட்டதற்கு நர்ஸ் பேச்சை மாற்றிவிட்டாளாம். அவன் உயிர் இந்த ஒற்றை வரியில் இருக்கிறது, அதைப் பார்த்து நீ அப்பாடா என்கிறாய்.

சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது, இரண்டும் ஒன்றில்லை என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினாள். வக்கீலுக்கும் குரல் எடுபடவில்லை. ‘எனக்கென்ன பயம்’ என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் அவள்தான். ‘கடவுள் ரெண்டு குடுத்திருக்கான், ஒண்ணு தம்பிக்கு ஒண்ணு எனக்கு, இதுல என்ன இருக்கு’ என்று, ஏதோ உள்ளே போய் ஒரு மாவு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து நீட்டப் போகிற மாதிரி. சொல்லச் சொல்ல ஊர் அவளைப் பெரிய மனுஷி ஆக்கிவிட்டது, சொந்தக்காரர் கல்யாணத்தில் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்தார்கள், வயசில் மூத்த ஒருத்தர் எழுந்து நின்று கும்பிட்டார், அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். அத்தனை பேரில் ஒருத்தராவது ‘உனக்குப் பயமா இல்லையா’ என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குருசாமியும் கேட்கவில்லை, அவர் கேட்டதெல்லாம் ‘எத்தனை நாள் படுக்கணுமாம்’ என்பதுதான், அதையும் டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். டாக்டர் நல்ல மாதிரி, ஆபரேஷனைப் படம் வரைந்து காட்டினார், இங்கே சின்ன ஓட்டை, இங்கே ஒரு கோடு, நாலைந்து நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார், அவள் படத்தைப் பார்க்கவில்லை, கோடு போட்ட பேனாவின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மயக்க ஊசி போட்டதும் நீங்கபாட்டுக்குத் தூங்கிடுவீங்க என்று அவர் தைரியத்துக்குத்தான் சொன்னார், அன்றிலிருந்து படுக்கையில் கண் சொருகுகிற நேரம் பார்த்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். தூங்கி எழாமல் போனால். எழுந்தும், மிச்சமிருக்கிற ஒன்று மக்கர் பண்ணினால். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கிறது என்று இத்தனை காலம் உடம்புக்குள் ஒரு தைரியம் குடியிருந்திருக்கிறது, அது இருந்ததே அதைத் தூக்கிக் கொடுக்கப் போகிற நேரத்தில்தான் தெரிகிறது. கல்லை நிறுத்தி, ஓரத்து மாவை வழித்து, ஒரு கிள்ளு எடுத்துத் தண்ணீரில் போட்டாள், மிதந்தது, போதும். உளுந்தை வழித்து எடுத்துவிட்டு ஊறிய அரிசியைப் போட்டுத் திரும்ப ஓடவிட்டாள். கை தன் வேலையைப் பார்க்க, மனம் பழையபடி அந்தச் சொல்லிலேயே போய் முட்டிக்கொண்டு நின்றது.

இது சாமி குத்தமாக இருக்குமோ. நடப்பது புரட்டாசி. தெருக் குப்பைத்தொட்டியில் ஒரு முட்டை ஓட்டைக் கூடப் பார்க்க முடியாது. சனிக்கிழமைதோறும் பெருமாளுக்குத் தளிகை போடுகிறவள் அவள், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு புரட்டாசியிலும் கறி தொட்டதில்லை. இந்த வருஷம் தொட்டாள். தொட்டாள் என்ன, நாள் தவறாமல் குடித்தாள். எல்லாம் சுகந்தியின் வேலை. ‘ஒடம்புல ஒரு உறுப்பையே எடுத்துக் குடுக்கப் போறீங்க மதினி, அதுக்கு முன்னாடி ஒடம்பத் தேத்த வேணாமா’ என்று ஆரம்பித்தாள் தம்பி பெண்டாட்டி, ஆட்டுக்கால் சூப்பு, நல்லி எலும்பு, ஈரல், சுவரொட்டி என்று ஒன்று மாற்றி ஒன்று. ‘இந்த மாசத்துலயா’ என்று இவள் தயங்கியபோது சுகந்தி இவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். ‘பாவம் வந்தா எனக்கு வரட்டும் மதினி. நான் பெருமாள்கிட்ட பேசிக்கிட்டேன்.’ அந்தச் சுகந்தியோ புரட்டாசியில் முட்டை போட்ட கேக்கைக் கூடத் தொடாதவள். விடியும் முன்னே முந்தானையால் தலையை மூடிக்கொண்டு கறிக்கடைக்குப் போய், வீட்டு அடுப்பில் வைக்காமல் மொட்டைமாடியில் தனியடுப்பு மூட்டி வேகவைத்து, உப்பு சரியா என்று ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்காமல், தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு வருவாள். அதனால் உப்பு ஒரு நாள் கரிக்கும், ஒரு நாள் சப்பென்று இருக்கும். யாராவது கேட்டால் மூலிகைக் கஷாயம். டெஸ்ட்டுக்கு முந்தின நாள் ஈரல் வறுவலும் நல்லி சூப்பும் நிறையவே ஆனது. மறுநாள் வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள், அதற்கும் சுகந்தியிடம் சமாதானம் இருந்தது. ‘இது குடிக்கிறதுதான மதினி, சாப்பாடா?’ அதுவும் சரியென்றுதான் பட்டது, விரதத்தன்று காப்பி குடிக்கிறோம், விரதம் கெட்டா போகிறது. அப்படி ஒரு தம்ளர் சூப்பைக் குடித்துவிட்டு, வெறும் வயிறு என்றார்களே என்று பச்சைத் தண்ணீரை மட்டும் பல்லில் படாமல் பார்த்துக்கொண்டு போய்க் கையை நீட்டினாள். அதற்குத்தான் இந்த ஹெச். பெருமாள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். சுகந்திக்கு வரட்டும் என்று விட்ட பாவம் இவள் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. சாமிக்குப் பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள், கன்னத்தில் அரிசி மாவு ஒட்டியது.

“மலரக்கா, ஒரு பாக்கெட்டு. புளிச்சது வேணாம்.” எதிர்வீட்டு கோமதி கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

“இருக்கறது நேத்து மாவுதான் கோமதி. இது பொழுது சாயத்தான் ஆகும்.”

“சாயங்காலமே வர்றேன். என்னக்கா மொகம் ஒரு மாதிரி இருக்கு? டெஸ்ட்டு எடுத்தீங்களே, வந்துருச்சா?”

“வந்துருச்சு. எல்லாம் நல்லா இருக்கு.”

“உங்களுக்கென்னக்கா, கல்லு மனசு. நானா இருந்தா ஊசியப் பார்த்ததுமே ஓடிருப்பேன்.” சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

கல்லு மனசாம். கல் சுற்றிக்கொண்டிருந்தது. ஓடிருப்பேன் என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறாள், அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல்தானே நான் இங்கே தவிக்கிறேன் என்று கோமதி மேல் காரணமில்லாமல் ஒரு கோபம் வந்தது. இடது கை தானாகவே இடுப்புக்குப் போனது, விலா முடிகிற இடத்துக்குக் கீழே, எடுக்கப் போகிற இடம் அதுதான், இப்போதெல்லாம் சும்மா இருக்கும்போது கை அங்கேதான் போகிறது. பால்பாண்டியை அவள் தூக்கிச் சுமந்ததும் அந்த இடுப்பில்தான். எட்டு வயசு மூத்தவள், அம்மா வேலைக்குப் போய்விட்டால் அவன் இறங்க மாட்டான், தூங்குவதும் அங்கே, மூத்திரம் போவதும் அங்கே, பள்ளிக்கூடத்தில் இவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கும். ஒரு நாள் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். ஒரு கையில் கேன், இடுப்பில் இவன், வரிசை நகர்கிற பாடாக இல்லை, வெயில், இடுப்பு கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. ஒரு நிமிஷம் என்று அவனைக் கீழே இறக்கி உட்காரவைத்துவிட்டு நிமிர்ந்தாள். அப்போதும் அதே சொல்தான். அப்பாடா. எவ்வளவு சுகமாக இருந்தது, முதுகுக்குள் காற்றுப் போன மாதிரி, வானத்தைக் கூட ஒருதரம் பார்த்தாள். குனிந்தால் பிள்ளையைக் காணோம். மண்ணெண்ணெய் இறக்கிவிட்டுப் புறப்பட இருந்த லாரியின் அடியில், பின் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அச்சிலிருந்து சொட்டுகிற எண்ணெயைத் தொட்டுத் தொட்டுத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தான். டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார். இவள் எப்படிப் புகுந்தாள், எப்படி இழுத்தாள், ஒன்றும் நினைவில்லை, சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான் தெறித்தது மட்டும் நினைவிருக்கிறது. லாரி நகர்ந்து போனது. அவன் அழக்கூட இல்லை, எண்ணெய்க் கையை அவள் முகத்தில் தடவினான். யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது. அதற்கப்புறம் அவனை எங்கேயும் இறக்கிவிட்டதில்லை, அவன் நடக்கப் பழகியதே தாமதம் என்று அம்மா குறைப்படுவாள். இறக்கிவிட்டால் சக்கரத்துக்கடியில் போய் உட்கார்ந்துகொள்வான் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஃபோன் அடித்தது. ஆபரேஷன் ஏற்பாடெல்லாம் பார்க்கிற ஜெனிபர் சிஸ்டர். கிரைண்டரை நிறுத்தினாள், வீடே திடீரென்று செவிடான மாதிரி இருந்தது.

“அக்கா, ரிப்போர்ட் பாத்தீங்களா?”

“பாத்தேம்மா. ஹெச் போட்டிருக்கு.”

“பயப்படாதீங்க. ஒண்ணு கேக்கணும். டெஸ்ட்டுக்கு முன்னாடி கறி கிறி நெறைய சாப்பிட்டீங்களா? மட்டன், ஈரல், சூப்பு இந்த மாதிரி? அப்படிச் சாப்பிட்டிருந்தா இந்த நம்பர் ஏறிக் காட்டும்க்கா. தண்ணி குடிக்காம வந்தாலும் ஏறும்.”

மலர்க்கொடிக்கு வாயில் நல்லி எலும்பின் ருசி வந்தது, மிளகும் அதுவுமாக.

“சாப்பிட்டிருந்தா ஒண்ணும் பிரச்சினை இல்ல, ஒரு வாரம் கறிய நிறுத்திட்டு, நல்லா தண்ணி குடிச்சிட்டு, மறுபடி எடுத்துக்கலாம். சாப்பிடலன்னாதான் கிட்னியிலயே ஏதோ இருக்குன்னு பாக்கணும். அப்ப உங்கள டோனரா எடுக்க மாட்டாங்க. சாயங்காலம் டாக்டருங்க மீட்டிங், அதுக்குள்ள நான் சொல்லணும்.” சிஸ்டர் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தானே சொன்னாள். “புரட்டாசி மாசம், நீங்க சாப்பிட்டிருக்க மாட்டீங்க. இருந்தாலும் கேக்கணும்ல.”

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு போங்கள் என்கிற மாதிரி இருந்தது. யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பாவம், கொடுக்கத்தான் வந்தாள், கிட்னி சரியில்லை என்று டாக்டரே வேண்டாமென்றுவிட்டார், அவள் என்ன செய்வாள் என்பார்கள். கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலி கூடப் போகாது. பேனா முனையும் வராது, கண் சொருகுகிற அந்த ஊசியும் வராது, இரண்டும் இரண்டாகவே இருக்கும். யோசித்துத்தான் சொன்னாளா என்று பிறகு எத்தனை தரம் கேட்டுக்கொண்டாலும் அவளுக்குத் தெரியவில்லை.

“இல்லம்மா. புரட்டாசில நாங்க கறி தொட மாட்டோம்.”

“சரிக்கா.” சிஸ்டரின் குரல் இறங்கிவிட்டது. “நான் டாக்டர்கிட்ட சொல்லிடறேன். உங்களுக்கும் வேற டெஸ்ட் எழுதுவாங்க, பாத்துக்கலாம். தம்பிக்கு... நான் பக்குவமா சொல்லிக்கிறேன்.”

ஃபோனை வைத்துவிட்டு அவள் காத்திருந்தாள். அந்தச் சொல் வரும் என்று நினைத்தாள், இப்போது வரலாம், தடையில்லை, யாரும் இல்லை. வரவில்லை. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள், உட்கார்ந்தும் வரவில்லை. கிட்னி நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கு ஒன்றுமில்லை, வெறும் சூப்பு, வெறும் ஈரல் என்று சொல்லிப் பார்த்தாள், சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே, நெஞ்சு கேட்கவில்லை. பக்குவமா சொல்லிக்கிறேன் என்றாளே, பக்குவமாகச் சொல்வது என்றால் எப்படி, அந்தப் பக்கத்துக் கட்டில்காரரைப் பற்றிச் சொன்ன மாதிரியா. பால்பாண்டி சிரிப்பான். அதுதான் பயம். ‘பரவால்லக்கா, உன் ஒடம்பப் பாத்துக்க’ என்று சிரிப்பான், ஒரு ஐஸ்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான். டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார், வண்டி உறுமுகிறது, இவள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எழுந்திரு என்றது மனம். கால் கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், மீட்டிங் சாயங்காலம்தானே, இன்னும் கொஞ்சம் யோசித்துக்கொண்டு என்று இன்னொரு மனம் வக்கீல் வேலையை மறுபடி ஆரம்பித்தது. அப்போது கம்பிக் கதவு கிறீச்சிட்டது.

சுகந்தி. வியர்த்து வழிந்துகொண்டு, கையில் தூக்குவாளி, அதன் மேல் ஈரத்துணி.

“என்ன மதினி, மூட்டை மேல உக்காந்திருக்கீங்க? வேல ஆயிருச்சா?” கேட்டுக்கொண்டே அடுப்படியில் தம்ளரை எடுத்துத் துடைத்துச் சூப்பை ஊற்றினாள். மிளகு வாசனை எழுந்தது. “இன்னைக்குக் கொஞ்சம் லேட்டாயிருச்சு. உப்புப் பாத்துச் சொல்லுங்க. அவரு இன்னைக்கு ஐஸ்கட்டி கேக்கவே இல்ல மதினி. ‘இன்னும் ஒரு மாசம்தான சுகந்தி, அக்கா கிட்னி வந்ததும் ஒரு சொம்புத் தண்ணிய ஒரே மடக்குல குடிச்சுக் காட்டுறேன் பாரு’ன்னாரு. நேத்து அந்தச் சொம்பத் தேச்சு எடுத்து வச்சிருக்காரு, சின்னப் புள்ள மாதிரி.” தம்ளரை நீட்டினாள். “சூடா இருக்கு. குடிங்க மதினி.”

மலர்க்கொடி தம்ளரை வாங்கினாள். கை சுட்டது. வாங்கி அப்படியே கிரைண்டர் மேடையில் வைத்துவிட்டு ஃபோனை எடுத்தாள். அவசரத்தில் வேறு யாருக்கோ போகப் பார்த்தது, மறுபடி போட்டாள்.

“சிஸ்டர், நான்தான் மலர்க்கொடி. நான் பொய் சொல்லிட்டேன். கறி சாப்பிட்டேன். தினமும் சாப்பிட்டேன். சூப்பு, ஈரல், எல்லாம். அன்னைக்குக் காலைலயும் ஒரு தம்ளர் சூப்பு குடிச்சிட்டுத்தான் வந்தேன். தண்ணி குடிக்கல.”

“அய்யோ அக்கா!” அந்தப் பக்கம் சிஸ்டர் சிரித்தே விட்டாள், சத்தம் சுகந்தி வரைக்கும் கேட்டது. “மொதல்லயே சொல்லிருக்கலாம்ல! புரட்டாசின்னு வெக்கப்பட்டீங்களாக்கும்? நல்ல வேள, டாக்டர் இன்னும் வரல. இன்னையிலருந்து கறி கூடாது, தண்ணி நல்லா குடிங்க. அடுத்த வாரம் மறுபடி ரத்தம் எடுப்போம். சரியா வந்துட்டா தேதி குறிச்சிடலாம். சரியா?”

“சரிம்மா.”

சுகந்தி தூக்குவாளியின் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. “என் சூப்பாலயா மதினி? நானே... என் கையாலயே...”

“நீ நல்லதுக்குத்தான குடுத்த. நான் ஆசப்பட்டுத்தான் குடிச்சேன்.”

“மொதல்ல ஏன் மதினி இல்லன்னு சொன்னீங்க? நான் பெருமாள்கிட்ட சொல்லிட்டேன்னு சொன்னேன்ல. வெக்கமா?”

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சிஸ்டர் நம்பினாள், இவளும் நம்புவாள், ஆயுசுக்கும் நம்புவாள். மலர்க்கொடி அவள் முகத்தைப் பார்த்தாள். கறிக்கடையில் தலையை மூடிக்கொண்டு நின்ற முகம்.

“வெக்கமில்ல,” என்றாள். “பயமா இருக்கு சுகந்தி. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. குடுக்காமத் தப்பிச்சிரலாம்னு பாத்தேன்.”

சொன்ன பிறகு சுகந்தியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள். ஒன்றும் ஆகாது மதினி என்று கூடச் சுகந்தி சொல்லவில்லை. மேடையிலிருந்த தம்ளரை எடுத்துச் சூப்பைத் தூக்குவாளியில் திரும்ப ஊற்றுகிற சத்தம் கேட்டது, தம்ளரைக் கழுவுகிற சத்தம், பானையில் சொம்பு முங்குகிற சத்தம். பிறகு சுகந்தியின் வெடித்த பாதங்கள் எதிரே வந்து நின்றன, அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, மலர்க்கொடியின் இரண்டு கைகளையும் பிடித்துச் சொம்பை அதில் வைத்தாள், வைத்த கையை எடுக்கவில்லை.

“தண்ணி குடிங்க மதினி.”

மலர்க்கொடி குடித்தாள். கதவு மறைவுக்குப் போகாமல், பால்பாண்டியின் பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருக்க, மூச்சு விடாமல் சொம்பு காலியாகும் வரை குடித்தாள். பயம் அப்படியேதான் இருந்தது. அவள் எழுந்து போய், பாதியில் நின்ற அரிசிக்குக் கிரைண்டரைப் போட்டாள்.